மலை இல்லாத இயற்கைக் காட்சி

மேலக்குடிக்காட்டில் மலை கிடையாது. ஒரத்தநாட்டிலிருந்து புதாற்றுக் கரையோடு வந்தால் ஊருக்குள் நுழைகிறவரை தரை ஒரே மட்டம். ஊரிலேயே உயரமான இடம் தண்ணீர்த் தொட்டி. அதற்கடுத்தது பள்ளிக்கூட வாசலில் போட்டிருக்கும் வேகத்தடை.

இருந்தாலும் இந்த ஊர்ப் பள்ளியில் படித்த யாரிடமாவது ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்துப் பாருங்கள். நெல் வியாபாரி, நர்ஸ், சிங்கப்பூரில் கிரேன் ஓட்டுகிறவர், யாராக இருந்தாலும் கை தானாக முதலில் இரண்டு மலையை வரையும். இரண்டுக்கும் நடுவில் பாதிச் சூரியன். மலையடியிலிருந்து ஓர் ஆறு, ஆற்றில் ஒரு படகு. கரையில் ஓட்டு வீடு, வீட்டு வாசலிலிருந்து வளைந்து வரும் பாதை, பக்கத்தில் ஒரு தென்னை மரம். வானத்தில் நாலு பறவை. அவை பறவை என்பது வரைந்தவர் சொன்னால்தான் தெரியும்.

இத்தனைக்கும் பொறுப்பு ஓவிய ஆசிரியர் ராஜராஜன். முப்பத்து நாலு வருஷ சர்வீஸில் அவர் கற்றுக்கொடுத்தது இந்த ஒரு படம்தான். ஆறாம் வகுப்பில் பென்சில், ஏழாம் வகுப்பில் கலர் பென்சில், எட்டாம் வகுப்பில் வாட்டர் கலர். படத்துக்குப் பெயர் இயற்கைக் காட்சி.

அவரைக் குறை சொல்லுமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இரண்டாவது படம் கற்றுக்கொடுக்க யாரும் அவருக்கு நேரம் தரவில்லை. ஓவியப் பீரியடு மணி அடித்ததும் கணக்கு வாத்தியார் வாசலில் வந்து நிற்பார். "டிராயிங்தானே மாஸ்டர்? நான் எடுத்துக்கிறேன். போர்ஷன் முடியல." மாஸ்டர் சாக்பீஸ் பெட்டியை மூடிக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்குப் போய், பரிசுச் சான்றிதழ்களில் மாணவர்களின் பெயர் எழுதுவார். ஆண்டு விழா வந்தால் தெர்மாகோலில் 'வருக வருக' வெட்டுவார். முப்பத்து நாலு வருஷத்தில் அவர் வரைந்ததைவிட வெட்டிய 'வருக'தான் அதிகம்.

இப்படிப்பட்டவர் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? ஆறே மாதத்தில் மனைவி அமிர்தம், சென்னையிலிருக்கும் மகள் குந்தவைக்குப் போன் போட்டு, "உங்க அப்பா குழம்புக்குக் கலர் பத்தலைங்கிறாருடி, ஏதாச்சும் பண்ணு" என்றார். குந்தவை இணையத்தில் தேடி ஒரு படிவத்தை நிரப்பி அனுப்பிவிட்டாள். கிரீஸ் நாட்டுத் தீவு ஒன்றில் அகதிகள் முகாம். அங்கே பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் மூன்று மாதம் ஓவியம் கற்றுக்கொடுக்கத் தொண்டர்கள் தேவை. ஒரு மாதம் கழித்துப் பதில் வந்தது. முதல் சுற்றில் தேர்வு. இனிப் பாடத்திட்டம் எழுதி ஒப்புதல் வாங்க வேண்டும். அதன் பிறகு ஒரு சனிக்கிழமை, பெண்களும் குழந்தைகளுமாகப் பதினைந்து பேரையாவது உட்காரவைத்து ஒரு மணி நேரம் மாதிரி வகுப்பு எடுக்க வேண்டும். அதை அவர்கள் வீடியோ காலில் பார்ப்பார்கள். பிடித்திருந்தால் விமானம், இல்லாவிட்டால் குழம்பு.

இதை மாஸ்டர் டீக்கடையில் சொன்னபோது 'முதல் சுற்றில்' என்கிற வார்த்தை மட்டும் டீயோடு தொண்டைக்குள் இறங்கிவிட்டது. பக்கத்தில் முன்னாள் ஊராட்சித் தலைவர் சாமிதுரை இருந்தார். மறுநாள் காலையில் கடைத்தெருவில் இருபதடி ஃபிளெக்ஸ் நின்றது.

'கடல் கடந்து கலை வளர்க்கச் செல்லும் முகாம் கொண்ட சோழரே! அகத்திகளுக்கு ஓவியம் கற்பிக்க அயல்நாடு செல்லும் ஓவியச் சக்கரவர்த்தியே! வருக, வெல்க!'

இன்னும் கிளம்பாத ஆளை எதற்கு வருக என்கிறார்கள் என்பதை யாரும் கேட்கவில்லை. பின்னணியில் பனி மூடிய இரண்டு மலை. மலைக்கு முன்னால் மாஸ்டர் கை கட்டி நின்றார். அவருக்குப் பக்கத்தில், அவரைவிட ஒன்றரை மடங்கு பெரிதாக, காதில் செல்போனோடு சாமிதுரை.

"அகத்திக்கீரைக்கு எதுக்குய்யா படம் வரையச் சொல்லிக்குடுக்கணும்?" என்று டீக்கடையில் ஒருவர் கேட்டார்.

"அது இல்லப்பா. அங்கெல்லாம் அகத்தி கிடைக்காதுல்ல? படமா வரைஞ்சு காட்டப் போறாரு."

மத்தியானம் சாமிதுரை ஏணி வைத்து ஏறி, உபரியான 'த்' மேல் வெள்ளைத் தாள் ஒட்டினார். அதற்குப் பிறகு அது 'அக திகளுக்கு' என்றிருந்தது.

"ஏங்க, சனிக்கிழமை கிளாஸ் எடுத்துக் காட்டினப்புறம்தானே சொல்லுவாங்க? அதுக்குள்ள போர்டு வச்சுட்டாங்களே" என்றார் அமிர்தம்.

"அது சும்மா ஃபார்மாலிட்டி."

"டிராயிங் ஹையர் கிரேடு பரீட்சைக்கும் இப்படித்தான் சொன்னீங்க. மூணு தடவ எழுதினீங்க."

ஃபிளெக்ஸ் மாஸ்டருக்கும் கூச்சமாகத்தான் இருந்தது. ஆனால் கூச்சத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது. முப்பத்து நாலு வருஷத்தில் முதல் தடவையாக யாரோ அவருடைய பீரியடைக் கேட்டிருக்கிறார்கள். சனிக்கிழமை தவறினால் அதுவும் கணக்கு வாத்தியாருக்குப் போனது மாதிரிதான்.

பாடத்திட்டத்தை மூன்று நாளில் எழுதி அனுப்பினார். பன்னிரண்டு வாரம், பன்னிரண்டு பாடம். முதல் பாடம் மலை, இரண்டாவது சூரியன், மூன்றாவது ஆறு, இப்படியே போய் பன்னிரண்டாவது வாரத்தில் இயற்கைக் காட்சி முழுமை அடையும்.

திங்கட்கிழமை போன் வந்தது. பேசியவர் ஃபஹ்மிதா, அந்த அமைப்பின் ஒருங்கிணைப்பாளர். அவர் தமிழில் பேசியதும் மாஸ்டருக்குப் பாதி உயிர் வந்தது.

"உங்க பிளான் பார்த்தேன் சார். ரொம்ப நீட்டா எழுதியிருக்கீங்க."

"கையெழுத்துல ஜில்லாவுல முதல் பரிசு மேடம்."

"வீடு மட்டும் வேண்டாம் சார்."

"எந்த வீடு?"

"நாலாவது பாடம். போன வருஷம் ஒரு வாலண்டியர் வீடு வரையச் சொன்னாரு. ஒரு பாப்பா அழகா வரைஞ்சுது. ஜன்னல், பூத்தொட்டி எல்லாம் போட்டு முடிச்சிட்டு, கறுப்பு கிரேயான எடுத்து மொத்தத்தையும் அடிச்சிருச்சு. ஏன்மான்னு கேட்டா, இப்ப இப்படித்தான் இருக்குங்குது."

மாஸ்டர் பாடத்திட்டத்தின் நகலில் நாலாவது வரியைத் தேடினார். பிறகு மெதுவாகக் கேட்டார். "ஓட்டு வீடு வேணாம்னா... குடிசையா போட்டுக்கலாமா?"

"சார்."

"சரி சரி, வேணாம்."

வீட்டை அடித்தார். பாதை மட்டும் வளைந்து வளைந்து வந்து எங்கும் சேராமல் நின்றது. அதையும் அடித்தார்.

செவ்வாய்க்கிழமை படகு.

"அது ஒரே ஒரு ஆள் உக்காந்து போற சின்னப் படகு மேடம். ஆபத்து கிடையாது."

"அவங்க வந்ததும் சின்னப் படகுதான் சார். பத்துப் பேர் உக்கார்ற ரப்பர் படகுல நாப்பது பேர். எல்லாரும் வந்து சேரல."

படகை அடித்தார். படகு போன பிறகு அந்தத் தண்ணீரைப் பார்க்க அவருக்கே ஒரு மாதிரி இருந்தது. ஆற்றையும் அடித்தார்.

புதன்கிழமை ஃபஹ்மிதா மலையில் கை வைத்தார். மாஸ்டர் போராடிய ஒரே இடம் இதுதான்.

"மேடம், வீட்டச் சொன்னீங்க, விட்டுட்டேன். படகச் சொன்னீங்க, விட்டுட்டேன். மலைய விட முடியாது. அதுதான் அஸ்திவாரம்."

"பாதிப் பேர் மலை தாண்டி நடந்து வந்தவங்க சார். ராத்திரியில, பனியில. புள்ளைங்களத் தோள்ல தூக்கிட்டு."

"மலை இல்லேன்னா சூரியன் எங்கேருந்து வரும்?"

இந்தக் கேள்வியைக் கேட்டவர், அறுபது வருஷமாகத் தினமும் காலையில் வயல் வரப்புக்கு மேலே, எந்தத் துணையும் இல்லாமல் சூரியன் எழுந்து வருவதைப் பல் துலக்கிக்கொண்டே பார்த்தவர்.

போனில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "எனக்கு அதிராம்பட்டினம் சார். எங்க டிராயிங் டீச்சரும் ரெண்டு மலைதான் சொல்லிக்குடுத்தாங்க. எங்க ஊர்ல கடல்தான் இருக்கு. ஒரு தடவ கடல வரைஞ்சதுக்கு வெளிய நிக்க வச்சாங்க."

"எந்த டீச்சர்?"

ஃபஹ்மிதா பெயரைச் சொன்னார்.

"அட, அவங்க என் பேட்ச்!" என்றார் மாஸ்டர் பெருமையாக. சொன்ன பிறகுதான் அது பெருமைப்படுகிற இடம் இல்லை என்று பட்டது. "சரி. மலையும் வேணாம். சூரியனும் தனியா என்ன பண்ணும், அதுவும் வேணாம். பறவைங்க இருக்கட்டுமா?"

"அது பறவையா சார்? நான் குண்டு போடுற விமானம்னு நினைச்சேன். அங்க இருக்கிற புள்ளைங்களும் அப்படித்தான் நினைக்கும்."

பறவைகளும் போயின. பன்னிரண்டு பாடத்தில் மிஞ்சியது தென்னை மரம்.

"அது இருக்கட்டும் சார். அவங்க தென்னைய பார்த்தே இருக்க மாட்டாங்க. கெட்ட ஞாபகம் எதுவும் வராது. சனிக்கிழமை அதையே எடுங்க."

மாஸ்டர் நெஞ்சு நிமிர்ந்தது. மரம் ஒன்றாவது நிற்கிறதே! கடைத்தெருவில் சாமிதுரையிடம் சொன்னபோது அவர் உடனே, "அப்ப அடுத்த போர்டுல தென்னைத் தூதர்னு போட்டுருவோம் மாஸ்டர்" என்றார்.

மாதிரி வகுப்புக்கு ஆள் சேர்க்கிற வேலையையும் சாமிதுரையே எடுத்துக்கொண்டார். நூறு நாள் வேலையில் வருகைப் பதிவு எடுக்கும் அகிலாண்டத்தைப் பிடித்தார். அகிலாண்டம் சொன்னால் பத்துப் பெண்கள் வருவார்கள். அவர் வேண்டாம் என்றால் சாமிதுரையின் மனைவிகூட வர மாட்டார்.

"சனிக்கிழமை ஒரு மணி நேரம் நீங்கள்லாம் அகதியா இருக்கணும் அகிலாண்டம்."

"அகதின்னா எப்படிண்ணே வரணும்? பழைய சேலையா, நல்ல சேலையா?"

"பழசுதான்."

"வீடியோவுல காட்டுவாங்கன்னு சொன்னீங்களேண்ணே."

சாமிதுரை யோசித்தார். "அப்ப சுமாரான சேலை."

சனிக்கிழமை காலை சமுதாயக் கூடத்தில் பத்துப் பெண்களும் ஒன்பது குழந்தைகளும் வந்து உட்கார்ந்தார்கள். சுமாரான சேலை என்பதற்கு ஊரில் பத்து விதமான அர்த்தம் இருப்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. ஒருவர் கல்யாணப் பட்டில் வந்திருந்தார். எல்லார் தலையிலும் மல்லிகைப்பூ. பள்ளியிலிருந்து கடன் வாங்கிய கரும்பலகை சுவரில் சாய்ந்திருந்தது. எதிரே ஒரு ஸ்டூல். அதன்மேல் சொம்பில் சாய்த்து வைத்த செல்போனுக்குள் ஃபஹ்மிதா சின்னதாகத் தெரிந்தார்.

மாஸ்டரின் பார்வை அகிலாண்டத்திடம் நின்றது. "நீ... எட்டாம் வகுப்பு 'பி'தானே?"

"ஆமா சார். எனக்குப் பத்துக்கு ஆறு போட்டீங்க."

"ஏன்?"

"வயல மட்டும் வரைஞ்சேன். ஒரு கோடா. மலை எங்கேன்னு கேட்டு ஆறு போட்டீங்க. மலை வச்சவளுக்கெல்லாம் எட்டு."

மாஸ்டர் சாக்பீஸ் பெட்டியைத் திறந்தார். சாமிதுரை குறுக்கே வந்தார். "கேளுங்கம்மா. ஒரு மணி நேரத்துக்கு யாரும் சிரிக்கக் கூடாது. அகதிங்க சிரிக்க மாட்டாங்க."

"தெரியும்ணே" என்றார் அகிலாண்டம். "கஜா புயல் அடிச்சப்ப இதே கூடத்துலதான் பதினோரு நாள் கிடந்தோம். அப்பவும் நீங்கதான் வந்து சொன்னீங்க, ஆபீசருங்க வர்றாங்க, யாரும் சிரிச்சிராதீங்கன்னு."

பட்டுச்சேலைக்காரர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். சாமிதுரை வெளியே போய்ப் போன் பேச ஆரம்பித்தார். மறுமுனையில் யாரும் இருந்த மாதிரி தெரியவில்லை.

மாஸ்டர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு கரும்பலகை முன் நின்றார். செல்போனைப் பார்த்தார். இரண்டு நாளாகக் கண்ணாடி முன்னால் பழகிய முதல் வாக்கியத்தை எடுத்து விட்டார்.

"அன்பார்ந்த அகதிகளே! உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்."

"வ-ண-க்-கம் சார்" என்று ஒன்பது அகதிகள் பள்ளிக்கூட ராகத்தில் எழுந்து நின்றார்கள்.

செல்போனில் ஃபஹ்மிதா குனிந்து எதையோ எழுதினார். மாஸ்டர் அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார். அகதி வாழ்வின் துயரம் பற்றி, அந்தத் துயரத்தை அனுபவித்தவர்களுக்கு, எட்டு நிமிடம் விளக்கினார். பிறகு சாக்பீஸை எடுத்தார். இரண்டு வளைந்த கோடு, குறுக்கே வளையம் வளையமாகப் பட்டை, உச்சியில் ஏழு மட்டை, நாலு காய். அரை நிமிட வேலை. கை அவ்வளவு பழகியிருந்தது.

"தென்னை மரம். எல்லாரும் இதைப் பார்த்து வரையணும்."

குழந்தைகள் குனிந்து வேகமாக வரைய ஆரம்பித்தன. பெண்கள் பக்கத்தில் பென்சில் சத்தம் வரவில்லை. பட்டுச்சேலைக்காரர் தாளின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தார். இன்னொருவர் கரும்பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். மாஸ்டர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வரிசைக்குள் நடந்தார். அகிலாண்டம் மட்டும் வரைந்திருந்தார். நல்ல மரம். பட்டை, மட்டை, காய் எல்லாம் சரி. ஆனால் மரம் தாளின் குறுக்கே படுத்திருந்தது.

"என்னம்மா, மரம் படுத்திருக்கு? தாளைத் திருப்பிப் பிடி."

அகிலாண்டம் நிமிர்ந்து பார்த்தார். "திருப்பினாலும் எந்திரிக்காது சார்."

"என்னது?"

"இருவத்தெட்டு மரம். எங்க மாமனார் வச்சது. விடியக்காலம் இந்தக் கூடத்துலேர்ந்து போய்ப் பார்த்தா எல்லாம் ஒரே பக்கமா இப்படித்தான் கிடந்துச்சு. புதுசா வச்சது இப்பத்தான் பாளை விடுது."

மாஸ்டருக்கும் கொல்லையில் ஆறு மரம் போனது. அதை அவர் மறக்கவில்லை. ஆனால் கரும்பலகையில் வரைகிற தென்னைக்கும் கொல்லையில் விழுந்த தென்னைக்கும் சம்பந்தம் உண்டு என்று அவருக்கு இதுவரை தோன்றியதில்லை. அவர் வரைகிற மலைக்கும் உலகத்தில் இருக்கிற மலைக்கும் சம்பந்தம் இல்லாமல் இருந்தது மாதிரிதான் இதுவும்.

பட்டுச்சேலைக்காரரின் தாளைப் பார்த்தார். ஒன்றும் இல்லை. அடுத்தவர் தாளில் அடிமரம் மட்டும் இருந்தது, முறிந்து.

செல்போனில் ஃபஹ்மிதா மறுபடி எதையோ எழுதினார். இந்தத் தடவை மாஸ்டருக்கு அது நல்ல சகுனமாகப் படவில்லை. நேரம் பதினெட்டு நிமிடம்தான் ஆகியிருந்தது. கடைத்தெருவில் இருபதடிக்கு ஃபிளெக்ஸ் நிற்கிறது. இன்னும் நாற்பத்திரண்டு நிமிடம். கையில் இருந்த கடைசிப் பாடமும் படுத்துவிட்டது.

கரும்பலகைக்குப் போனார். டஸ்டரை எடுத்து மரத்தை மேலிருந்து கீழே அழித்தார். மட்டை போயிற்று, காய் போயிற்று, வளையம் வளையமாகப் பட்டை போயிற்று. பலகை காலியாக இருந்தது. முப்பத்து நாலு வருஷத்தில் வகுப்பு நடுவே அவர் அதை அப்படிப் பார்த்ததில்லை.

முன்வரிசைச் சிறுமி கேட்டாள். "சார், நான் மரத்த முடிச்சுட்டேன். இப்ப என்ன சார் வரையறது?"

மாஸ்டர் வாயைத் திறந்தார். மலை என்று சொல்ல முடியாது. வீடு கூடாது, ஆறு கூடாது. அவரிடம் சரக்கு தீர்ந்துவிட்டது.

"தெரியலையே" என்றார்.

கூடமே நிமிர்ந்து பார்த்தது. டிராயிங் மாஸ்டர் வாயிலிருந்து அந்த ஊர் அந்த வார்த்தையைக் கேட்டதில்லை.

"அப்ப எங்க ஆட்ட வரையட்டுமா?"

"வரையேன்."

"அதுக்கு ஒரு காதுதான் சார் இருக்கு."

"ஒரு காதே போடு."

அவ்வளவுதான். குழந்தைகள் தாளைப் புரட்டி மறுபக்கத்தில் கிறுக்க ஆரம்பித்தன. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பட்டுச்சேலைக்காரர் ஒரு பெட்டி வரைந்தார். பெட்டியிலிருந்து நிறைய ஒயர்.

"இது என்னம்மா?" என்று மாஸ்டர் கேட்டார். ஒரு மாணவர் வரைந்ததைப் பார்த்து அவர் இப்படிக் கேட்க வேண்டி வந்ததே இல்லை. எல்லாருக்கும் ஒரே படம் என்றால் என்ன கேள்வி இருக்கும்?

"ஜெனரேட்டர் சார். புயலப்ப வாசல்ல வச்சாங்கல்ல? நாப்பது போன் அதுல தொங்கும். எம்போனு எதுன்னு கண்டுபுடிக்கவே அரை நாள் ஆவும்."

"எம்போன இவதான் ரெண்டு நாள் வச்சிருந்தா" என்றார் பக்கத்திலிருந்தவர். "எம்மாமியாரு போன் பண்ணினப்ப, தன் மாமியாருன்னு நினைச்சு அரை மணி நேரம் பேசியிருக்கா."

சிரிப்பு ஆரம்பித்தது. மாஸ்டருக்குச் செய்ய வேலை இல்லை. ஆகவே பென்சில் சீவினார். கீழே உட்கார்ந்து ஒவ்வொருவருக்காகச் சீவிக் கொடுத்தார். இடையிடையே "இது என்ன?" என்று கேட்டார். பதில் வந்தது. ஆடு, டிராக்டர், ஆடு, செத்துப்போன பூனை, ஆடு.

அகிலாண்டம் புதுத் தாளில் ரொம்ப நேரம் வரைந்துகொண்டிருந்தார். பக்கத்திலிருந்தவர்கள் எட்டிப் பார்த்துவிட்டு ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். சத்தம் கேட்டு சாமிதுரை உள்ளே வந்தார். தாளை வாங்கிப் பார்த்தார். வெள்ளைச் சட்டை, காதில் போன், ஒரு விரல் மேலே தூக்கியிருக்கிறது. எதிரே பத்துப் பெண்கள், எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு.

"இது யாரு?"

"தென்னை மரம்ணே" என்றார் அகிலாண்டம். "கஜாவுல விழாம நின்னது இது ஒண்ணுதான்."

அதற்குப் பிறகு யாரும் அகதியாக இல்லை. மிச்சமிருந்த நேரம் ஓடிப்போனது.

எல்லாரும் கலைந்த பிறகு மாஸ்டர் ஸ்டூல் முன்னால் வந்து உட்கார்ந்தார். தீர்ப்புக் கேட்க வந்தவர் மாதிரி துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"மன்னிச்சிருங்க மேடம். வகுப்பு கையவிட்டுப் போயிருச்சு."

"நான் ரெண்டு தடவ ஃபெயில்னு எழுதினேன் சார்" என்றார் ஃபஹ்மிதா. "அன்பார்ந்த அகதிகளேன்னு சொன்னப்ப ஒண்ணு. தாளைத் திருப்பிப் பிடின்னப்ப ஒண்ணு."

"ஆமா."

"அப்புறம் ரெண்டையும் அடிச்சிட்டேன். பத்து வருஷமா வாலண்டியர்ஸ் வர்றாங்க. எல்லாருக்கும் எல்லாம் தெரியும் சார். தெரியலைன்னு சொல்லிட்டுப் பென்சில் சீவ உக்காந்த ஆள நான் பார்க்கல. பதினாலாம் தேதி கிளம்பணும். டிக்கெட் அனுப்புறோம்."

மாஸ்டருக்குக் கண் கலங்கியது. கொஞ்சம் கோபமும் வந்தது. முப்பத்து நாலு வருஷம் சொல்லிக்கொடுத்ததற்குக் கிடைக்காத மரியாதை, ஒன்றும் சொல்லிக்கொடுக்காததற்குக் கிடைப்பது எந்த ஆசிரியருக்கும் ஜீரணமாகிற விஷயமில்லை.

ஆனாலும் இரண்டே நாளில் ஜீரணமாகிவிட்டது. டீக்கடையில் மாஸ்டர், "என்னோட முறையே தனி. வெற்றுத்தாள் முறைன்னு பேர். ஆசிரியர் எதையும் வரையவே கூடாது" என்று விளக்கிக்கொண்டிருந்தார். புதன்கிழமை விசிட்டிங் கார்டு வந்துவிட்டது. 'ராஜராஜன், நிறுவனர், வெற்றுத்தாள் ஓவியக் கல்வி முறை.' அதைப் பார்த்துவிட்டு அமிர்தம், "கார்டையாவது வெறுமனே விட்டிருக்கலாம்ல?" என்றார்.

சாமிதுரை இரண்டாவது ஃபிளெக்ஸுக்கு ஏற்பாடு செய்தபோது மாஸ்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். மலை கூடாது. ஃபிளெக்ஸ் கடையில் கேட்டபடியே மலையை எடுத்துவிட்டார்கள். பின்னணி வெள்ளை வெளேரென்று காலியாக இருந்தது. காலி இடத்தைப் பார்த்தால் சாமிதுரைக்குப் பொறுக்காது. இரண்டு மலை இருந்த இடத்தில் இப்போது சாமிதுரையின் இரண்டு தோள். நடுவில், சூரியன் இருந்த இடத்தில், அவர் தலை. மாஸ்டர் கீழே மூலையில், படகு இருக்கிற அளவுக்கு இருந்தார்.

பதிமூன்றாம் தேதி காலை பெட்டி கட்டி முடித்துவிட்டு மாஸ்டர் ஒரு தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு வாய்க்கால் மதகுக்குப் போனார். முகாமில் பிள்ளைகள் என்ன வேண்டுமானாலும் வரையட்டும். "நீ என்ன சார் வரைவே?" என்று ஒரு பிள்ளை கேட்டால்? அந்தக் கேள்விக்கும் தெரியலையே என்றால் நன்றாக இருக்காது.

மதகின்மேல் உட்கார்ந்தார். எதிரே நடவு முடிந்த வயல். வெகுநேரம் பார்த்தார். பிறகு தாளின் நடுவில் இடமிருந்து வலமாக ஒரு கோடு இழுத்தார். கொஞ்சம் யோசித்துக் கோட்டுக்கு மேலே சூரியனை வைத்தார். எதிலும் சாய்ந்துகொள்ளாமல் அது தனியாக நிற்பது அவருக்குக் கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது.

வேலைக்குப் போகிற பெண்கள் மண்வெட்டியும் தூக்குவாளியுமாக வரப்பில் வந்தார்கள். அகிலாண்டம் நின்று எட்டிப் பார்த்தார்.

"மலை எங்க சார்?"

அகிலாண்டம் அவர் கையிலிருந்து பென்சிலை வாங்கினார். வருகைப் பதிவு எழுதிப் பழகிய கை. தாளின் மேல் மூலையில் பத்துக்கு ஆறு போட்டு வட்டமும் போட்டார்.

மாஸ்டர் அந்த ஆறையே பார்த்தார். "அது சரி... நீ அன்னிக்குச் சூரியன் போடலல்ல? நான் போட்டிருக்கேனே. ஒரு மார்க் கூட்டிப் போடக் கூடாதா?"

"தெரியலையே சார்" என்று சொல்லிவிட்டு, பென்சிலைத் திருப்பிக் கொடுத்து, மற்றவர்களைப் பிடிக்க அகிலாண்டம் வேகமாக நடந்தார்.